காரில் கிடக்கும் துப்பாக்கி யார் பொறுப்பில்?

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

நீ துப்பாக்கி வாங்கியிருக்கும் சேதி உன் தம்பி மூலமாகத்தான் எனக்கு வந்தது. நேரே சொன்னால் சத்தம் போடுவேன் என்று பயந்திருப்பாய். பயந்தது சரிதான், போட்டேன். உன் பங்கையும் சேர்த்து அவனே வாங்கிக்கொண்டான். அப்பா அன்று முழுவதும் பேப்பரை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார், ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

சத்தம் இப்போது அடங்கிவிட்டது. வாங்கியது சரியா தவறா என்று இந்தக் கடிதத்தில் நான் வழக்காடப்போவதில்லை. ஹூஸ்டனில் இரவுப் பணிக்குத் தனியாக வண்டி ஓட்டிப் போய் வருகிறவள் நீ. உன் பயத்தை இங்கே முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அளக்க முடியாது. ஆனால் தம்பி இன்னொன்றும் சொன்னான். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் பிஸ்டலைக் காரின் டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு உள்ளே போய்விடுகிறாயாம். என் வழக்கு அதைப் பற்றி மட்டும்தான்.

நான் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் வேலை பார்த்த காலம் உனக்கு நினைவிருக்கும். மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று நின்றிருந்த ரயில் பெட்டிக்குள் வாஞ்சிநாதன் சுட்டது எங்கள் திருநெல்வேலி மாவட்டக் கலெக்டர் ஆஷைத்தான். அந்த நாற்காலிக்குக் கீழே வேலை பார்த்த எனக்குக் கைத்துப்பாக்கி என்றால் சரித்திரம். உனக்கு அது வண்டிச் சாவியோடு சேர்ந்த ஒரு சாமான் ஆகிவிட்டது. போகட்டும்.

இங்கே ஒருவருக்கு லைசென்ஸ் கிடைப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். போலீஸ் அறிக்கை, வருவாய்த் துறை அறிக்கை, எதற்காகத் தேவை என்ற கேள்வி. களக்காடு, கடையம் பக்கம் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்பவர்கள் வருவார்கள். வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தார் வருவார்கள். உன் மாமாவே அப்படி வந்தவர்தானே. தேர்தல் அறிவித்துவிட்டால் போதும், துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வங்கிக் காவலர்கள் மட்டும் விலக்குக் கேட்டு மனு எழுதுவார்கள். லைசென்ஸ்காரர் இறந்துபோனால் வீட்டார் அந்தத் துப்பாக்கியைச் சும்மா பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது, அதையும் ஒப்படைக்க வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு 2019இல் திருத்தம் வந்தது. ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது, லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. இத்தனை காகிதத்துக்கும் அடியில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நிமிடம் அந்த ஆயுதம் யார் பொறுப்பில் இருக்கிறது?

ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. வசதியான குடும்பத்துப் பெரியவர் ஒருவர், பேர் வேண்டாம். ஒரு கல்யாண மண்டப வாசலில் காரை நிறுத்தி, ரிவால்வரை டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்த விளக்கம் இதுதான்: "கார் பூட்டித்தான் இருந்தது." அதற்குப் பக்கத்தில் எங்கள் அதிகாரி சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்: "பொறுப்பாளர் யாரும் இல்லை." லைசென்ஸ் ரத்தானது. ரத்தானதுகூடப் பெரிதில்லை. அடுத்து எந்த ஊரில் துப்பாக்கிச் சூடு என்று பேப்பரில் வந்தாலும் அந்த மனிதர் ஆபீசுக்கு வந்து, "அது என்னுடையதா பாருங்கள் அம்மா" என்று நிற்பார். எங்களுக்கு எப்படித் தெரியும்? அவரை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

உங்கள் அமெரிக்காவில் இது எத்தனை மடங்கு என்று தேடிப் பார்த்தேன். 2017 முதல் 2021 வரையிலான ஐந்து வருடங்களில் தனியாரிடமிருந்து களவு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். அண்மைக் காலத்தில் நகரங்களில் களவு போகிறவற்றில் ஏறக்குறையப் பாதி, நிறுத்திவைத்த வண்டிகளிலிருந்துதான். வீட்டைவிடக் காரை உடைப்பது திருடனுக்கு அவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி பார்க்கிங் என்றால் இன்னும் வசதி. வண்டிக்காரி காலையில்தான் வருவாள் என்று அவனுக்குத் தெரியும். துப்பாக்கி இருக்கிறதென்று தெரிந்து அவன் வருவதில்லை. வரிசையாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டே போவான். கை முதலில் போகிற இடங்கள் டேஷ்போர்டு, நடுப்பெட்டி, சீட்டுக்கு அடி. டேஷ்போர்டின் பூட்டு வெறும் பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொண்டிருப்பது, ஒரு ஸ்குரூடிரைவருக்குத் தாங்காது. மாப்பிள்ளை வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார் என்று போட்டோவில் பார்த்தேன். அதை இன்றைக்கே சுரண்டி எடுக்கச் சொல். உள்ளே என்ன இருக்கிறது என்று எதற்கு ஊருக்கு விளம்பரம்?

சட்டம் உனக்குச் சாதகமாக இருக்கிறது என்று தம்பி வாதாடினான். நானும் படித்தேன். அரசாணை படித்த கண்ணுக்கு உங்கள் டெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. முதலில், கிரீன் கார்டு இருப்பதால்தான் நீ வாங்க முடிந்தது. எச்1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருந்திருந்தால், வேட்டை உரிமம் போன்ற ஒன்றிரண்டு விலக்குகளைத் தவிர, கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். உன் தோழிகள் யாராவது உன்னைப் பார்த்து ஆசைப்பட்டால் இதைச் சொல்லிவிடு. 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் இருபத்தொரு வயது நிரம்பிய, தகுதியுள்ள ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குள், நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. பூட்டிய சொந்தக் காரில் வைத்திருக்கும் ஊழியரைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது என்று 2011இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சரி, தடுக்க முடியாது. வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, டேஷ்போர்டில் போட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லையே. கலிபோர்னியாவிலும், 2025 ஜனவரி முதல் கொலராடோவிலும், ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கி வைப்பதென்றால் வெளியே தெரியாமல் பூட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. டெக்சாஸ் சொல்லாததால் நீ செய்யக் கூடாது என்றில்லை.

இப்போது நான் கேட்கப்போவதற்கு நிதானமாகப் பதில் சொல். உனக்கு எங்கே பயம்? தம்பியிடம் நீ சொன்னது, காரிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசல் வரை நடக்கிற அந்தத் தூரம்தான் பயம் என்று. அந்தத் தூரத்தில் துப்பாக்கி எங்கே இருக்கிறது? காரில். காலையில் களைத்துத் திரும்பி நடக்கும்போது எங்கே? அப்போதும் காரில்தான். உனக்குப் பயம் இருக்கிற இடத்தில் அது இல்லை. அது இருக்கிற இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நீ இல்லை. அப்படியானால் அது யாரைக் காக்கிறது? உங்கள் ஆஸ்பத்திரியில் காவலாளிகள் இருப்பார்கள். வண்டி வரை கூட வரச் சொல்லிக் கேட்டாயா? வெளிச்சமான தளத்தில், லிப்டுக்குப் பக்கத்தில் இடம் கேட்டாயா? கேட்கக் கூச்சமாக இருந்தால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து மனுவாக எழுதிக் கொடு. மனு எழுதுவதில் உனக்கு வராதது ஒன்றுமில்லை, என் மகள்தானே.

ஆகவே என் முதல் யோசனை, வேலைக்குப் போகும் நாளில் அது வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். இதை நீ கேட்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மீதியைக் கேட்டு எழுதுகிறேன். ராணுவத்திலும் பிறகு வங்கி வாசலில் இரட்டைக்குழலோடும் நின்றவர் சொல்வதை நான் சொல்வதைவிட மதிப்பாய்.

டேஷ்போர்டை மறந்துவிடு. எஃகில் செய்த சிறிய பூட்டுப்பெட்டி வாங்கு. பெட்டி மட்டும் இருந்தால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வீட்டில் போய் நிதானமாக உடைப்பான். ஆகவே அது வண்டியோடு பிணைந்திருக்க வேண்டும். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்தைச் சுற்றித் தடித்த எஃகு வடத்தால் கட்டலாம், தரையில் போல்ட் போட்டு முடுக்கினால் இன்னும் நல்லது. மூடிய டிக்கி உள்ள காரென்றால் டிக்கிக்குள் வை. ஆனால் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டு டிக்கி பட்டனை அமுக்கினால் திறந்துகொள்கிறதா, பின்சீட்டை மடக்கினால் வழி வருகிறதா என்று நீயே ஒருநாள் திருடியாக இருந்து பார். கார் முழுவதுமாகக் களவு போனால் எந்தப் பெட்டியும் உதவாது. பெட்டி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான் என்கிறார் மாமா.

பூட்டு விஷயத்தில் விரல்ரேகைப் பெட்டி வேண்டாம் என்பது என் கட்சி. நாள் முழுக்கக் கிருமிநாசினி தேய்த்துத் தேய்த்து உன் விரல் நுனி காய்ந்து வெடித்திருப்பதைப் போன முறை வந்தபோது பார்த்தேன். பெட்டிக்கு அது யார் விரல் என்றே தெரியாது. பேட்டரிப் பூட்டு ஹூஸ்டன் வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்பதும் சந்தேகம். சாவிப் பூட்டோ, அமுக்கித் திறக்கிற எண் பூட்டோ போதும்.

பெட்டியில் வைப்பது வீட்டிலேயே நடக்க வேண்டும். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தால், பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இன்னொன்றை மாமா மேசையைத் தட்டிச் சொன்னார்: குறுகலான சீட்டில் உட்கார்ந்து துப்பாக்கியை எடுப்பதும் செருகுவதுமாக இருக்கும்போதுதான் கை தவறி வெடிக்கும். விசையை முழுவதும் மூடுகிற கெட்டியான உறையில் போட்டு, உறையோடு அப்படியே பெட்டிக்குள் வை, உறையோடு வெளியே எடு. குழல் உன் தொடையைப் பார்த்தோ பக்கத்து வண்டியைப் பார்த்தோ இருக்கக் கூடாது. தோட்டா போட்டு வைப்பதா, எடுத்துவிட்டு வைப்பதா என்று கேட்டேன். காரில் உட்கார்ந்து தோட்டாவை இறக்கி ஏற்றுகிற விளையாட்டே வேண்டாம், வீட்டில் முடிவு செய்துகொண்டு கிளம்பட்டும் என்றார். முறையாக ஒரு வகுப்புக்குப் போனாளா என்றும் கேட்டார். போனாயா?

அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது, அக்கினி நட்சத்திரத்தில் வண்டிக்குள் ஏறுகிற சூட்டில் தோட்டா தானாக வெடிக்குமா என்று. மாமா சிரித்துவிட்டார். அந்தச் சூட்டுக்கு வெடிக்காது, ஆனால் மாதக்கணக்கில் வெந்துகொண்டே கிடந்தால் மருந்து கெடும், கடலோரப் புழுக்கத்தில் இரும்பு துருப்பிடிக்கும். இதுவும் அதைக் காரிலேயே குடியிருக்க விடாததற்கு ஒரு காரணம். இரவில் வண்டி உன் வீட்டு வாசலில் நின்றாலும் அது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். நிறைய வண்டிகளை உடைப்பது வீட்டு வாசலில் வைத்துத்தான். சர்வீசுக்கு, கழுவுவதற்கு, ஓட்டல் வாசலில் சாவியை வாங்கி வண்டியை நிறுத்துகிறவனிடம் என்று வண்டியைக் கைமாற்றும் எந்த நாளிலும் அது உள்ளே இருக்கக் கூடாது.

பேரனைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பதினேழு வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டுமாறு, உடனே சுடக்கூடிய நிலையில் துப்பாக்கியை விட்டுவைத்து அவர் அதை எடுத்துவிட்டால் டெக்சாஸிலும் குற்றம்தான். அவன் பின்சீட்டில் உட்கார்ந்து எதையும் குடைகிற பிள்ளை. பெட்டியின் எண் அவன் பிறந்த நாளாக இருந்தால் இன்றே மாற்று. அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வண்டியில் அது வேண்டவே வேண்டாம்.

துப்பாக்கியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை எழுதி வை, போட்டோவும் எடுத்து வை. ரசீதைக் காருக்குள் வைக்காதே. ஒருவேளை களவு போனால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே போலீசுக்குச் சொல். எண் இல்லாமல் புகார் கொடுத்தால் அவர்கள் பதிவேட்டில் ஏற்ற ஒன்றுமில்லை. கிடைத்தாலும் உன்னுடையது என்று காட்ட முடியாது. எனக்கும் அந்த எண்ணை அனுப்பு, என் பழைய நோட்டில் குறித்துவைக்கிறேன். அப்பா சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

மார்கழி பிறந்ததும் வருவாய் என்று நினைத்து வத்தலும் கூழ்வடகமும் போட்டு வைத்திருக்கிறேன். மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்கச் சொன்னார்: பெட்டியின் மாற்றுச் சாவியை அதே காரின் டேஷ்போர்டில்தான் போட்டு வைக்கப்போகிறாயா? இதற்குப் பதிலை மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா