ஏரியாகிப் போன உருக்காலை

டோர்ட்முண்ட், ஜெர்மனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேற்கு நாடுகளின் காலம் முடிந்துவிட்டது, இனி ஆசியாவின் காலம், அப்படியிருக்க இறங்குமுகத்தில் இருக்கும் நாட்டில் போய் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பாதி கேலிதான் என்று தெரியும். ஆனாலும் வந்த நாள் முதல் என்னையும் குடையும் கேள்வி அது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் ஹோர்டே பகுதியில் ஓர் ஏரி இருக்கிறது. இயற்கையான ஏரி அன்று. 1841இல் தொடங்கி, பின்னாளில் ஃபீனிக்ஸ் என்று பெயர்பெற்ற இரும்பாலை 2001 வரை அங்கேதான் இயங்கியது. மூடிய உருக்காலையைச் சீனாவின் ஷாகாங் நிறுவனம் விலைக்கு வாங்க, ஏறத்தாழ ஆயிரம் சீனத் தொழிலாளர்கள் வந்து தங்கி, அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலேற்றி, யாங்சி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இங்கே எஞ்சிய நிலத்தைத் தோண்டி, 2010இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். இன்று கரையைச் சுற்றி வசதி படைத்தவர்களின் வீடுகளும், நீரில் பாய்மரப் படகுகளும், நினைவுக்காக நிறுத்தி வைத்த பழைய உருக்குக் கொப்பரை ஒன்றும் இருக்கின்றன.

அந்த ஆலை மூடப்பட்ட அதே 2001இன் டிசம்பரில்தான் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 15 கோடி டன் உருக்கு உற்பத்தி செய்த நாடு, 2020இல் 100 கோடி டன்னைத் தாண்டியது. உலக உற்பத்தியில் அது பாதிக்கும் மேல். 1870 வாக்கில் உலகின் இரும்பில் ஏறத்தாழப் பாதி பிரிட்டனில் உருகியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலக உருக்கில் பாதிக்கும் மேல் அமெரிக்காவில் வார்க்கப்பட்டது. அந்தப் "பாதி"தான் தேசம் தேசமாகக் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது.

இதை ஒரு தேசம் சோம்பிவிட்டது, இன்னொன்று விழித்துக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. உழைப்பு மலிவாகவும் சந்தை விரிந்தும் இருக்கும் இடத்தை நோக்கி மூலதனம் தானே நகர்கிறது, அப்படி நகர்த்துவோர் பெரும்பாலும் இறங்குமுகத்தில் இருக்கும் நாட்டின் பணக்காரர்களே. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசின் கடன் பத்திரங்களை டச்சுக்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் பாதைகளுக்குப் பிரிட்டிஷ் பணம் பாய்ந்தது. பிறகு அமெரிக்க, ஜெர்மன் நிறுவனங்கள் சீனாவில் ஆலைகளைக் கட்டின. ஒவ்வொருவரும் தம் போட்டியாளரைத் தாமே வளர்த்துவிட்டு, அதற்கு வட்டியும் லாபமும் வாங்கிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு முதியவர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர். சீனர்கள் கழற்ற வந்தபோது முதலில் எரிச்சலாக இருந்ததாகவும், அவர்கள் பாகங்களைப் பிரித்து அடுக்கிய பக்குவத்தைப் பார்த்தபின் கோபம் தம் நிர்வாகத்தின் மீது திரும்பியதாகவும் சொன்னார். ஏரிக்கரைப் பக்கம் அவர் போவதே இல்லை.

என் வேலை ஒரு சரக்குக் கிடங்கில். சீனாவின் சோங்சிங் நகரிலிருந்து ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் கடந்து, பக்கத்திலுள்ள டூயிஸ்பர்க்குக்கு வரும் சரக்கு ரயில்களின் பெட்டிகள் சில எங்களிடமும் வருகின்றன. நிறைந்து வருபவற்றுள் காலியாகத் திரும்புபவை பல. பொருளாதார நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை நான் அந்தக் காலிப் பெட்டிகளிலேயே தெரிந்துகொண்டேன்.

ஆனால் "முடிந்துவிட்டது" என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. யானை படுத்தாலும் குதிரை மட்டம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே முதலிடத்தை இழக்கத் தொடங்கிய நெதர்லாந்தைப் பாருங்கள்: மிக நுண்ணிய கணினிச் சில்லுகளைச் செதுக்கும் அதீதப் புற ஊதா (EUV) இயந்திரங்களை உலகில் அங்குள்ள ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே விற்கிறது. அவற்றின் லேசரும் கண்ணாடிகளும் ஜெர்மனியிலிருந்து போகின்றன. அந்த இயந்திரங்களைச் சீனா எவ்வளவு பணம் கொடுத்தும் வாங்க முடியவில்லை, அமெரிக்காவின் வற்புறுத்தல் அப்படி. உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதிக்கும் மேல் இன்னமும் டாலர்தான். அதே பலத்தைக் கொண்டு 2022இல் மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலரை முடக்கியதும், பல நாடுகள் பயந்து தங்கத்தை முன்பைவிட அதிகமாக வாங்கத் தொடங்கிவிட்டன என்பது வேறு கதை. ஆயுதத்தை எடுத்துக் காட்டியதே அதன் கூர்மையைக் குறைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏறுமுகத்தில் இருக்கும் நாட்டின் தொழிலாளி மட்டும் நிம்மதியாக இருக்கிறாரா? தேவைக்கு மேல் உற்பத்தி குவிந்ததால், 2016இல் நிலக்கரியிலும் உருக்கிலுமாகச் சுமார் 18 லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்று சீன அரசே அறிவித்தது. இதை எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. தம்மிடமிருந்து பறிபோன வேலை அங்கே யாரிடமாவது பத்திரமாக இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார் போலும்.

பிறகு, "அடுத்தது உங்கள் நாடா?" என்று கேட்டார். 2018 முதல் உருக்கு உற்பத்தியில் இந்தியா உலகில் இரண்டாவது என்றும், ஆனால் 2024இல் சீனாவின் அளவில் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் என்றும் சொன்னேன். அவர் அந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. அங்கே உலைமுன் நிற்பவர் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா, சங்கம் வைக்க விடுகிறார்களா, ஆலையை மூடினால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. தொழிற்சங்கத்தில் உங்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்களே, விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மொழிபெயர்த்து அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி