நத்தார் சாமான் சேகரிப்பு: அயலவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான அயலவர்களுக்கு,

நத்தாருக்கு முந்திய மூன்று சனிக்கிழமைகளும் ரொறன்ரோ ஸ்காபுறோவில் எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் சாமான் சேர்த்து, தரம் பிரித்து, இல்லாதவர்களுக்கு இலவசமாய்ச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் உணவு வங்கிக்கு அனுப்பி முடித்துவிட்டோம். கடைசி வான் புறப்பட்ட பிறகு நான் இரண்டு நாள் படுத்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல் பிந்துகிறது.

முதலில் பெடியளுக்கும் பெட்டையளுக்கும். ஒன்ராறியோவில் உயர்பள்ளியை முடிக்க 40 மணித்தியாலம் சமூகப்பணி செய்தாக வேண்டும். படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான் வருகிறார்கள் என்று நான் முணுமுணுத்தது உண்மை. ஆனால் 40ஐ எப்போதோ தாண்டிவிட்ட மூன்று பேர் கடைசிச் சனிக்கிழமையும் சப்பாத்தில் பனியைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சொன்னது பிழை, மன்னியுங்கோ பிள்ளையள்.

தரம் பிரிப்பது லேசான வேலை இல்லை. சாப்பாடு அடைத்த தகர ரின்னின் நடுவில் சின்னச் சொட்டை என்றால் வைக்கலாம். பொருத்தில் நசிந்திருந்தாலோ ஊதியிருந்தாலோ குப்பைக்குத்தான். 'பெஸ்ட் பிஃபோர்' திகதி தாண்டிய பாஸ்தாவை நான் எறியப் போக, ஒரு பிள்ளை மறித்தாள்: "அன்ரி, அது ருசி குறையிற திகதி, பழுதாகிற திகதி இல்லை." அவளே குழந்தைப் பால்மாவில் துளியும் இளகவில்லை. அதில் இருப்பது காலாவதித் திகதி, ஒரு நாள் தாண்டினாலும் கொடுக்கக்கூடாது என்றாள். பாதி பாவித்த கறித்தூள் போத்தலைத் தந்தவருக்கும் நன்றி. அதை எங்கள் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்தோம்.

மூன்றாம் மாடி அம்மாவைச் சொல்லாமல் விட முடியாது. முதல் வாரம் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ரின்னாய்க் கிடக்கு, சனம் என்னத்தைச் சமைக்கிறது?" என்று கேட்டார். இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து இறங்கியவர். முதல் நத்தாருக்குக் கிடைத்த பெட்டியில் இருந்த கிரான்பெரி சோஸை ஜாம் என்று நினைத்துப் பாணில் பூசிச் சாப்பிட்டாராம். ரொறன்ரோவின் டெய்லி பிரெட் உணவு வங்கி தொடங்கியதும் அதே 1983இல்தான். இன்று இந்த நகரில் பத்தில் ஒருவருக்கு உணவு வங்கி தேவைப்படுகிறது. அம்மா கேட்ட கேள்வியால் அடுத்த இரண்டு வாரமும் அரிசி, மைசூர்ப் பருப்பு, கடலை, ரின் மீன் என்று வந்து குவிந்தன.

வாழைப்பழப் பெட்டிகளை எடுத்து வைத்துத் தந்த மரக்கறிக் கடைக்காரருக்கு நன்றி. கைபிடிக்க ஓட்டை உள்ள அந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் எங்கள் முதுகு போயிருக்கும். அடியில் உள்ள ஓட்டைக்கு மட்டை வெட்டிப் போட்ட மாமாவுக்கும், இரண்டு தரம் வான் ஓடிய அண்ணைக்கும் நன்றி. அப்புறம், ரின் வெட்டிகள் நிறைந்த ஒரு பையை வாசலில் வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவருக்கு: ரின்னைக் கொடுக்கிறோமே, எதால் திறப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் யாரென்று ஒரு ஊகம் இருக்கிறது. சரி, விடுகிறேன்.

கடைசி நாள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த சட்டி ஒன்றும் மூடி இரண்டும் என் வீட்டில் கிடக்கின்றன. மூடி சட்டிக்குப் பொருந்தவில்லை. உரியவர்கள் பொங்கலுக்கு முன் வந்து எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
சேகரிப்புக் குழுவின் சார்பில், ஐந்தாம் மாடி அன்ரி