பகலில் நேர்காணல், இரவில் ஆட்டம்

அன்புள்ள டாக்டர் மைரன் ரோல் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஆடிய அமெரிக்கக் கால்பந்தின் நெளிவுசுளிவெல்லாம் எனக்குத் தெரியாது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்பதே இன்னும் விளங்கவில்லை. ஆனால் 2008 நவம்பர் 22 அன்று நீங்கள் ஓடிய ஓட்டம் மட்டும் மனதில் நிற்கிறது.

பகலில் அலபாமாவின் பர்மிங்காமில் ஆக்ஸ்போர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்காணல். அன்று இரவே மேரிலாண்டில் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு ஆட்டம். தேர்வாகிவிட்டீர்கள் என்று சொன்ன கையோடு தனி விமானம் ஏறினீர்கள். போய்ச் சேரும்போது இரண்டாம் கால்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. உடுப்பை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினீர்கள். 37-3 என்று உங்கள் அணி ஜெயித்தது.

சரி, கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் நடந்ததுதான் உறுத்துகிறது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல்லை ஒரு வருடம் தள்ளிவைத்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனீர்கள். கூட ஆடியவர்களை அம்போவென்று விட்டுவிட்டுப் போனது எப்படி இருந்தது என்று என்எஃப்எல் அணி ஒன்றைச் சேர்ந்த ஒருவர் உங்களிடம் கேட்டாராம். படிக்கப் போனவரிடம் கேட்கிற கேள்வியா இது? 2010-இல் என்எஃப்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது 207-ஆவது ஆளாகத்தான் டென்னசி டைட்டன்ஸ் உங்களை எடுத்தது. முறையான சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை.

கல்லூரியில் ஆடும் கறுப்பினப் பையன்களிடம் ‘படிப்பை விட்டுவிடாதே’ என்று ஊரே சொல்கிறது. தப்பில்லை, கல்லூரியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட என்எஃப்எல்லுக்குப் போவதில்லை. ஆனால் சொன்னபடி படித்துக் காட்டினால், இவனுக்கு ஆட்டத்தில் மனசில்லை என்கிறார்கள். இரண்டரை வருடத்தில் பட்டம் முடித்த உங்களுக்கே இந்தக் கதி. விடியற்காலைப் பயிற்சி முடித்து வந்து, ஈரத் தலையோடு வகுப்பின் கடைசி வரிசையில் தூங்கிவிழும் பையனை நினைத்துப் பாருங்கள்.

பிறகு மருத்துவம் படித்தீர்கள், பாஸ்டனில் மூளை நரம்பு அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லிவிட மனம் வரவில்லை. நீங்கள் ஆடவும் ஆசைப்பட்டீர்களே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பர்மிங்காமிலிருந்து பறந்த அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்? கோட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தூங்கவாவது முடிந்ததா?

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்