அன்னதானக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மன் அருளாலும் உங்கள் நன்கொடையாலும் அன்னதானக் கூடம் முடிந்து பால் காய்ச்சியாகிவிட்டது. தணிக்கையான வரவு செலவுக் கணக்கை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பொதுக்குழுவில் பலரும் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் இங்கே பதில்: "கோயில் காசில் மண்சுவரா?"

மண்தான். ஆனால் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி எடுத்த கல். இவ்வகை இயந்திரம் 1950களில் கொலம்பியாவில் உருவானது. ஆரோவில் பார்வையாளர் மையம் இந்த மாதிரிக் கல்லில்தான் நிற்கிறது. நேரில் போய், முப்பது வருட ஐப்பசி மழையைப் பார்த்த அந்தச் சுவரைத் தடவிப் பார்த்த பிறகே தீர்மானம் போட்டோம்.

ஏரி வண்டல் சும்மா கிடைக்கிறதே என்றார்கள். அது களி, காய்ந்தால் வெடிக்கும், அதற்குச் சிமென்ட்டைவிடச் சுண்ணாம்புதான் ஒத்துவரும். ஆகவே தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய செம்மண்ணை எடுத்தோம். வேரும் சருகும் கலந்த மேல்மண் நந்தவனத்துக்குப் போயிற்று.

எல்லாம் பதத்தில் இருக்கிறது. பிசறிய மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உடையாமல் சப்பையாகிவிட்டால் அதிகம். சித்தாள் பெண்கள் சீக்கிரமே கையில் அள்ளியதும் பதம் சொன்னார்கள். மேஸ்திரிக்குத்தான் நாளாயிற்று!

அழுத்திய கல்லை நிழலில் அடுக்கி, ஈரச்சாக்கு போர்த்தி, 28 நாள் கழித்தே சுவருக்கு எடுத்தோம். முன்னதாகவே எடுக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் எவ்வளவோ சொல்லியும் கமிட்டி இறங்கிவரவில்லை.

சூளை விறகும் லாரி வாடகையும் மிச்சம். கூலி மட்டும் செங்கல் வேலையைவிடக் கூடுதல். கணக்கைப் பார்ப்பவர்கள் அங்கேதான் புருவம் தூக்குவீர்கள். கல் ஒரே அளவாக வந்ததால் உள்ளே பூச்சு இல்லை, கல் இடுக்குகளைக் கலவையால் அடைக்கும் பாயிண்டிங் மட்டுமே. மண்ணுக்கு எதிரி தேங்கும் தண்ணீரும் சாரலும். அதனால் கருங்கல் பேஸ்மட்டத்தை உயர்த்தி, தாழ்வாரத்தை நீட்டியிருக்கிறோம்.

தோரணத்துக்கும் டியூப்லைட்டுக்கும் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். கொக்கிகள் வைத்தே கட்டியிருக்கிறோம். உபயதாரர் பெயர்கள் வாசல் கல்வெட்டில் வரும், சுவரில் பெயின்ட்டால் எழுத அனுமதியில்லை. மீந்த கற்கள் மடப்பள்ளிப் பின்சுவருக்கு என்பதால் வீட்டுக்குக் கேட்டு வர வேண்டாம். இயந்திரம் வாடகைக்கு வேண்டுவோர் செயலாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்