இலவசக் கோடிங் பயிற்சி: சேர்ந்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்ததும் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே, வேலூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி, ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஒரே மாதிரி நோட்டீஸ்கள் தலைகாட்டுகின்றன. ‘மூன்றே மாதத்தில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர், பயிற்சி முற்றிலும் இலவசம், 100 சதவீத வேலை உத்தரவாதம்.’ ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் என்றால் இணையதளத்தில் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தையும் பின்னால் இயங்கும் பகுதியையும் சேர்த்து எழுதுபவர். குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் ஆற்காட்டிலும் பிள்ளையைப் பட்டப்படிப்பு வரை கொண்டுவந்துவிட்ட பெற்றோர், இதற்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். மென்பொருள் வேலையிலும் பயிற்சியிலும் இருக்கிற எங்களால் ‘போகாதே’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. காசு வாங்காமல் கற்றுக்கொடுத்து வேலையும் தருகிற இடங்கள் நிஜமாகவே இருக்கின்றன. அவற்றையும் மற்றவற்றையும் பிரித்துப் பார்க்க என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதல் கேள்வி: பயிற்சியாளர் சம்பளமும் கட்டட வாடகையும் யார் பணம்? ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாக நடத்திவரும் பயிற்சிப் பள்ளியில் கட்டணம் கிடையாது, மாணவருக்கு உதவித்தொகையும் உண்டு. தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே தயார் செய்துகொள்கிறது, அதனால் செலவழிக்கிறது. பாரிஸில் 2013இல் தொடங்கிய ‘42’ என்ற பள்ளியும் இலவசம்தான். ஒரு பெரும் தொழிலதிபரின் பணத்தில் ஆரம்பித்தது. ஆனால் சேர்வதற்கு முன் நான்கு வாரம் முழுநேரம் உட்கார்ந்து புரோகிராம் எழுதித் தேற வேண்டும். நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ பயிற்சிகளுக்கும், கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசின் தீன்தயாள் உபாத்யாயா திட்டத்துக்கும் செலவு அரசுடையது. இந்த இரண்டாவது திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேரையாவது வேலையில் அமர்த்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் அது எந்த வேலை என்பதையும் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், கடை விற்பனையும் வேலைக் கணக்கில்தான் வரும்.

கம்பெனியும் இல்லை, அரசும் இல்லை, நன்கொடையாளரும் இல்லை என்றால் மிச்சம் ஒருவர்தான்: மாணவர். இன்று கட்டவில்லை, நாளைக்குக் கட்டுவார். அந்த ‘நாளை’ எந்தத் தாளில் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, சம்பளப் பங்கு ஒப்பந்தம். வேலை கிடைத்த பிறகு மாதச் சம்பளத்தில் இத்தனை சதவீதம், இத்தனை மாதம். அமெரிக்காவில் 2017இல் தொடங்கிய லாம்ப்டா ஸ்கூல் இதைப் பெரிதாக்கியது: ஆண்டுச் சம்பளம் 50,000 டாலரைத் தாண்டினால் 17 சதவீதம், இரண்டு ஆண்டுகளுக்கு, 30,000 டாலர் உச்சவரம்பு. அதே 17 சதவீதத்தை நம்மூர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் 4,250 ரூபாய் போகும். 24 மாதத்துக்கு 1,02,000 ரூபாய். சென்னை சோழிங்கநல்லூரில் அறை வாடகையும் சாப்பாடும் போக மீதியில் இதுவும் கழியும். ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று எண்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்தச் சம்பளத்துக்கு மேல் பிடித்தம், மொத்தம் எவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள், எத்தனை ஆண்டோடு ஒப்பந்தம் காலாவதி. மென்பொருள் அல்லாத வேலைக்குப் போனாலும் பிடிப்பார்களா என்பது நான்காவது. கால் சென்டர் சம்பளத்திலும் பங்கு கேட்கிற ஒப்பந்தங்கள் உண்டு.

இரண்டாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ‘சேர்க்கை ஃபார்மாலிட்டி’ என்று சொல்லி டேப்லெட்டில் ஆதார் ஓடிபி வாங்குவார்கள், பான் கார்டு எண் கேட்பார்கள், வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல் வாங்குவார்கள். இது சேர்க்கை அல்ல, கடன். நிதி நிறுவனம் முழுக் கட்டணத்தையும் பயிற்சி நிறுவனத்துக்கு முதலிலேயே கொடுத்துவிடும். ‘வேலை கிடைக்கும்வரை இஎம்ஐயை நாங்களே கட்டுவோம்’ என்பது பயிற்சி நிறுவனத்தின் வாய்ச்சொல். கடன் ஒப்பந்தம் மாணவருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையில் என்பதால், அந்த வாய்ச்சொல்லுக்கு அதில் இடமே இல்லை. நாலாவது மாதம் பயிற்சி மையம் பூட்டிக்கொண்டு போனாலும் இஎம்ஐ ஓடும். கட்டாவிட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இறங்கும். பிறகு எம்.சி.ஏ. படிக்கக் கல்விக் கடன் கேட்கப் போகும்போது வங்கியில் கதவு மூடும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆப் மூலம் தருகிற கடனுக்கு ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற சுருக்கத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதில் ஆண்டு வட்டி விகிதம் எல்லாச் செலவும் சேர்த்து ஒரே எண்ணாக இருக்கும். மனம் மாறினால் அபராதமின்றி அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் கட்டி விலகிக்கொள்ளும் காலமும் அதில் இருக்கும். அந்தத் தாள் தராத இடத்தில் ஓடிபி சொல்லக் கூடாது. ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். பெயரில் கடன் ஏறியிருந்தால் அங்கே தெரியும். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) ஆன்லைனில் எழுதலாம்.

மூன்றாவது, காப்புத்தொகை, பாண்டு, செக். ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். காட்டலாம், நகல் தரலாம், அதற்கு மேல் எதற்கும் அவசியமில்லை. தொகை எழுதாமல் அப்பாவிடம் கையெழுத்து வாங்கும் செக் அதைவிட மோசம். அது திரும்பினால் செக் மோசடி வழக்கு, குற்ற வழக்கு.

அடுத்து அந்த ‘100 சதவீதம்’. லாம்ப்டா ஸ்கூல் தன் மாணவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்தது. முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, சில சமயம் 30 வரை இறங்கியது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் இதை வெளியிட்டு, அந்த நிறுவனம் இனிக் கடன் கொடுக்கவே கூடாது என்று தடை போட்டது. அங்கேயே இப்படி என்றால், இங்கே யாரும் தணிக்கை செய்யாத நோட்டீஸை எந்தக் கணக்கில் நம்புவது? நூறு என்று எழுதிப் பழகிய கைக்கு அறுபத்திமூன்று என்று எழுத மனம் வராது.

இதில் பொய் பெரும்பாலும் வேலை பெற்றவர் என்று மேலே இருக்கும் எண்ணில் இல்லை, மொத்தம் இத்தனை பேரில் என்று கீழே வகுக்கும் எண்ணில். 40 பேர் சேர்ந்து, 15 பேர் பாதியில் நின்று, 25 பேர் முடித்து, அதில் 10 பேர் ‘ப்ளேஸ்மென்ட்டுக்குத் தகுதி’ என்று வடிகட்டப்பட்டு, அந்தப் பத்துப் பேருக்கும் ஆஃபர் லெட்டர் வந்தால் அது நூறு சதவீதம். சேர்ந்தவர் கணக்கில் 25 சதவீதம். அந்த ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி இருந்ததா, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பா, ஊர் ஊராகப் போய்ப் பயிற்சியை விற்கும் மார்க்கெட்டிங் வேலையா என்பது வேறு கதை. கடைசியாக முடிந்த பேட்சுக்கு மட்டும் நான்கு எண் கேளுங்கள்: சேர்ந்தவர், முடித்தவர், ஆறு மாதத்துக்குள் டெவலப்பராகச் சேர்ந்தவர், அவர்களில் பி.எஃப். பிடித்தம் உள்ளவர். வேலை தந்ததாகச் சொல்லும் கம்பெனியின் பெயரை கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால் பதிவான ஆண்டு தெரியும். பி.எஃப். நிதியை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் தேடினால் எத்தனை ஊழியருக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறது என்பதும் தெரியும். 200 பேர் வேலை செய்வதாகச் சொல்லும் இடம் 6 பேருக்குக் கட்டினால் சங்கதி புரிந்துவிடும்.

இனிப் பயிற்சி. 45 நாள், தினம் மூன்று மணி நேரம் என்றால் மொத்தம் 135 மணி நேரம். பன்னிரண்டு வாரம், வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 576. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், டேட்டாபேஸ், கிட் என்று அத்தனையும் முதல் கணக்கில் அடங்கவே அடங்காது. இரண்டாவதிலும் அடங்க வேண்டுமானால் முதல் நான்கு வாரம் வெறும் லூப், ஃபங்ஷன், அர்ரே என்று அடிப்படையிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் தடுக்கிவிழுவார்கள். எல்லா பேட்சிலும் நடப்பதுதான். நல்ல இடம் அங்கே நிற்கும். மோசமான இடம் பாடத்திட்டத்தில் தேதி போட்டிருக்கிறது என்று ரியாக்ட்டுக்குத் தாவும். அதன்பிறகு மாணவர் யூடியூபைப் பார்த்து, இப்போது ஏஐயைக் கேட்டு, ஒரு சினிமாத் தளத்தின் நகலைச் செய்து ரெஸ்யூமில் போட்டுக்கொள்வார். இன்டர்வியூவில் ‘இந்த பட்டனை இங்கே மாற்று’ என்றால் கை நின்றுவிடும்.

சேரும் முன் நடந்துகொண்டிருக்கும் பேட்சில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். ஆறாவது வாரத்தில் இருக்கும் ஒருவரிடம், போனை ஓரம் வைத்துவிட்டு, இரண்டு பெட்டியில் எண் போட்டுக் கூட்டும் பக்கம் ஒன்று எழுதச் சொல்லுங்கள். ஐந்தும் மூன்றும் போட்டால் 53 என்று வரும். பெட்டியில் இருந்து வருவது எண் அல்ல, எழுத்து. கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தால் அங்கே பாடம் நடக்கிறது. டேட்டாபேஸுக்கு இன்னொன்று: மாணவர் பட்டியலில் 30 பேர், கட்டணம் கட்டியவர் பட்டியலில் 22 பேர், கட்டாதவர் யார்? இரண்டு பட்டியலிலும் இருப்பவரை மட்டும் எடுக்கும் இன்னர் ஜாயின் போட்டால் கட்டிய 22 பேர்தான் வருவார்கள். முதல் பட்டியலில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டு, கட்டணப் பக்கம் காலியாக உள்ள வரிசைகளை எடுத்தால்தான் மீதி 8 பேர் கிடைப்பார்கள். கம்ப்யூட்டர் தெரியாத பெற்றோர் பார்க்கவும் ஒன்று உண்டு: எழுதிய புரோகிராமைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில், மாணவரின் பக்கத்தில் நாள்வாரியாகப் பச்சைக் கட்டங்கள் தெரியும். மூன்று மாத வேலையும் ஒரே நாளில் ஏறியிருந்தால் அது சொந்த வேலைதானா என்று சந்தேகிக்க வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தோற்பது லாஜிக்கில் அல்ல, எர்ரர் மெசேஜை வாசிக்காமல் மூடுவதில். முதலில் வரி எண்ணைப் பார், பிறகு கடைசிச் சொல்லைப் பார் என்று தினம் பழக்கும் பயிற்சியாளர் வேண்டும், 25 பேருக்கு ஒருவராவது. லேப்டாப்பில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போதும், பழையதே போதும். போனில் கற்கலாம் என்பவரை நம்ப வேண்டாம். பயிற்சி மையமே இஎம்ஐயில் லேப்டாப் விற்றால் மேலே சொன்ன கடன் பத்தியை மறுபடி படிக்கவும்.

10, 12, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது, இந்த ஆண்டு முடித்தவர் மட்டும் என்று நிறைய கம்பெனிகள் கேட்கின்றன. இதைச் சேர்க்கையின்போது சொல்லாமல் கடைசி வாரத்தில் சொல்கிற இடங்கள் உண்டு. இன்னும் சில, ‘இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நாங்களே தருகிறோம்’ என்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கைப் பார்ப்பார்கள், அந்த இரண்டு வருடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்காது. வேலை போவதோடு நிற்காது, போலி ஆவணம் கொடுத்தவர் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு முடிச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(42)இன்படி, இலவசமாகச் செய்வது ‘சேவை’ ஆகாது. ‘காசு வாங்கவே இல்லையே’ என்று மையம் சொன்னால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு தடுமாறும். அதனால் பதிவுக் கட்டணம், காப்புத்தொகை, தேர்வுக் கட்டணம் என்று எது கொடுத்தாலும் ரசீது வாங்கி வையுங்கள், அல்லது யுபிஐயில் கொடுங்கள். ரொக்கம் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பொய் விளம்பரத்துக்கு வேறு வழியும் உண்டு: பிரிவு 17இன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமே எழுதிக் கொடுக்கலாம். பயிற்சி மையங்களின் பொய் வேலை வாக்குறுதிகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. மாணவர் படத்தை ஃபிளெக்ஸில் போட எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

எங்கள் கோரிக்கை இரண்டு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களும் தனியார் வேலைவாய்ப்பு முகாமில் இடம் கேட்கும் பயிற்சி நிறுவனங்களிடம், முந்தைய பேட்சின் அந்த நான்கு எண்களையும் மாணவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கல்லூரி ப்ளேஸ்மென்ட் பிரிவுகளும் அவை இல்லாமல் வகுப்பறைக்குள் யாரையும் விட வேண்டாம். இரண்டாவது தங்களிடம்: இத்தகைய விளம்பரங்கள் தங்கள் பக்கங்களிலும் வருகின்றன. ‘100 சதவீத வேலை’ என்ற வரியை ஏற்கும் முன் விளம்பரப் பிரிவு அந்த நான்கு எண்களைக் கேட்டு, விளம்பரத்துக்குள்ளேயே அச்சிடச் சொல்லலாம்.

ஏமாந்துவிட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளுக்குப் போகிறவர்கள் நோட்டீஸின் படம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, கடன் ஒப்பந்தம் நான்கையும் இரண்டு செட் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை மனுவோடு கொடுத்துவிட்டு, மற்றதில் மனு எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்புங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்சியாளர்கள் சிலர்,
காட்பாடி