எரிந்த படிக்கட்டும் ஒரு நூலகமும்

ரொறன்ரோ
பெப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. குளிர்தான் காதை மூடாமல் வெளியே இறங்க விடுவதில்லை.

போன கிழமை கதைத்தபோது, பல்கலைக்கழகத்துக்குள்ளே அதென்ன கல்லூரி என்று கேட்டீர்கள். இங்கே கலையும் அறிவியலும் படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு கல்லூரியைச் சேர்ந்திருப்பார்கள். எனக்குக் கிடைத்தது யூனிவர்சிட்டி கொலிஜ். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மூலக் கல்லூரி இதுதான். அதற்கு முன் படிப்பு இங்கிலாந்துத் திருச்சபையின் கையில் இருந்தது. 1850இல் அதைச் சமயத்திலிருந்து பிரித்தார்கள். 1853இல் எந்தச் சமயத்தவரும் படிக்கலாம் என்று இக்கல்லூரி உருவானது. ஆனால் பெண்களை 1884 வரை சேர்க்கவில்லை. அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

கட்டடம் 1859இல் கட்டி முடித்தது. கல்லால் ஆன கோட்டை மாதிரி இருக்கும். வாசல் வளைவு முழுக்கச் செதுக்கல். இன்று அந்தப் பள்ளங்களுக்குள் பனி அடைந்து கிடந்தது.

அப்பா, உங்களுக்கு எழுத இருந்தது வேறொன்று. 1890இல் இதே 14ஆம் திகதி, மாலை விழாவுக்காக இரண்டு வேலையாட்கள் மண்ணெண்ணெய் விளக்குகளைத் தட்டில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறார்கள். தட்டு கைதவறி விழுந்தது. கிழக்குப் பக்கம் எரிந்து, நூலகத்தில் இருந்த சுமார் 33,000 புத்தகங்களில் ஏறக்குறைய எல்லாம் சாம்பல். கூடப் படிக்கிற பிள்ளை இதைச் சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, விடிந்ததும் சைக்கிளில் போய், சுப்பிரமணியம் பூங்காப் பக்கம் நின்று, கருகிய தாள்கள் பறந்ததைப் பார்த்தேன் என்பீர்களே, அதுதான் கண்ணுக்குள் வந்தது. இங்கே கைதவறி எரிந்தது. எங்களுடையதை எரித்தார்கள். இவர்களுக்குப் பல இடங்களிலிருந்தும் புத்தகங்கள் வந்தன. 1892இல் நூலகத்துக்கென்றே தனிக் கட்டடம் எழும்பிவிட்டது. எங்களுடையது முழுதாகத் திரும்பத் திறக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

அப்புறம், நீங்கள் அப்போது இரவல் எடுத்திருந்ததால் தப்பிய அந்தப் புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறதா? கரையான் பிடிக்காமல் பாருங்கள். முதல் பக்கத்து நூலக முத்திரையைத் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்பு மகள்