பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு பலகை வையுங்கள்

பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாரிச் சீரமைக்கும் பணியில் இருக்கும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மயிலாப்பூரில், கால்வாயிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். நாற்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். காலையில் திருமயிலை ரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்குவதுதான் இப்போது எனக்கு நடைப்பயிற்சி. போன மாதம் மேலே நின்று, தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன். "தாத்தா, பக்கிங்காம்னா லண்டன் அரண்மனைதானே? அந்த ராஜாவா இதை வெட்டினாரு?" என்று கேட்டான். "இல்லப்பா, அது வேற" என்றேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது, போய்விட்டான். அவனுக்குச் சொல்ல நினைத்து விட்டுப்போனதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கடைசியில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

அரண்மனைக்குப் பெயர் தந்த கோமகன் வேறு வம்சம். அவர் கட்டிய வீட்டை 1761-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கினார், அது பிற்பாடு அரண்மனையானது. நம் கால்வாயின் பெயருக்கு உரியவர் ரிச்சர்ட் டெம்பிள் கிரென்வில், பக்கிங்காம் - சாண்டோஸ் மூன்றாம் கோமகன். 1823 செப்டம்பர் 10-இல் பிறந்தவர். லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்காம்ஷயரில் இருக்கும் ஸ்டோ மாளிகை அவர் குடும்பத்துச் சொத்து. கோயில்களும் குளங்களும் மண்டபங்களுமாக, தோட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராக ஆட்கள் வந்த மாளிகை அது.

அந்த மாளிகையை அவருடைய அப்பா கடனில் மூழ்கடித்தார். 1845 ஜனவரியில் விக்டோரியா மகாராணியும் கணவரும் ஸ்டோவுக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். கடன்காரர்கள் வாசலில் நிற்கும் நேரத்தில் அந்த உபசாரத்துக்கும் வாரி இறைத்தார் மனிதர். மொத்தக் கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியது. 1848 ஆகஸ்டில் மாளிகைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நாற்பது நாள் ஏலம்! மேசை நாற்காலி, வெள்ளிப் பாத்திரம், சிலை, ஓவியம் என்று ஒவ்வொன்றாகப் போனது. இன்றைக்கு லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும் புகழ்பெற்ற ஷேக்ஸ்பியர் படம் ஏலத்தில் போனதும் அங்கேதான். சாண்டோஸ் படம் என்றே அதற்குப் பெயர். இத்தனைக்கும் கிடைத்தது 75 ஆயிரம் பவுன் சொச்சம். கடனுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே மகனுக்கு 25 வயது நிறைந்தது. அப்போது அவர் பட்டத்து மகன், சாண்டோஸ் பிரபு, பக்கிங்காம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் அவர் கையில் இருந்தது கடன் பத்திரக் கட்டுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கோமகன் வீட்டுப் பிள்ளை மாதச் சம்பளக்காரனைப் போல அலுவலகம் போவது வழக்கமில்லை. இவர் போனார். 1853-இல் லண்டன் - வடமேற்கு ரயில்வே கம்பெனிக்குத் தலைவரானார். நாட்டின் மிகப் பெரிய ரயில் கம்பெனிகளில் அது ஒன்று. பெயருக்குத் தலைவராக உட்கார்ந்திருக்காமல் எட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தார். கணக்கு எழுதினவன் என்பதால் அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அப்பா வைத்த ஓட்டையை அடைக்க மகன் பேரேட்டைத் திறந்து உட்கார்ந்த கதை எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

1859-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் தொகுதியில் பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனையே எதிர்த்து நின்றார், தோற்றார். 1861-இல் அப்பா லண்டனில் ஒரு ரயில்வே ஓட்டலில் இறந்துபோனார். மகன் கோமகனானார். 1866-இல் அமைச்சரவைக்குள் வந்தவர், அடுத்த வருடம் மார்ச்சில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சரானார். கனடா ஒரு நாடாக இணைந்த 1867 ஜூலை 1-ஆம் தேதி லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். இணைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று நோவா ஸ்கோஷியாக்காரர்கள் லண்டனுக்கே வந்து மன்றாடியபோது, முடியாது என்று சொன்னவரும் இவரே.

பதவி போனதும் ஊருக்குத் திரும்பி ஒரு காரியம் செய்தார். வாட்டன் என்ற தன் பண்ணையிலிருந்து குவைன்டன் ரோடு ரயில் நிலையம் வரை சொந்தமாகத் தண்டவாளம் போட்டார். பெரும்பாலும் தன் நிலத்திலேயே போனதால் அதற்கென்று தனிச் சட்டம் தேவைப்படவில்லை. 1871-இல் ஓடத் தொடங்கி, அடுத்த வருடம் பிரில் என்ற ஊர் வரை நீண்டது. மொத்தம் பத்து கிலோமீட்டர் இருக்கும். முதலில் குதிரைகள் இழுத்தன, பிறகு சின்ன நீராவி எஞ்சின் வந்தது. கூடவே நடந்து போகிறவனை முந்துவதே பெரும்பாடு, அவ்வளவு மெதுவான ரயில். பாலும் நிலக்கரியும் உரமும் அதில் போய் வந்தன. அவர் காலத்துக்குப் பிறகு அந்தத் தடம் லண்டன் மெட்ரோபாலிடன் ரயில்வே கைக்குப் போய், 1935-இல் மூடப்பட்டது.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிவதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். தண்டவாளமும் கால்வாயும் சரக்குக் கூலியும் தெரிந்த மனிதர். எது எங்கே எவ்வளவு விலைக்கு விற்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன ஆகும் என்று மனக்கணக்காகப் போடத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரைத்தான் பிரதமர் டிஸ்ரேலியின் அரசாங்கம் 1875-இல் சென்னைக்கு ஆளுநராக அனுப்பியது. அதற்கு முந்தைய வருடம்தான் மனைவியை இழந்திருந்தார்.

நவம்பரில் வந்து சேர்ந்தார். டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்து துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். ஊரெல்லாம் விளக்கு, விருந்து. அடுத்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது.

அப்புறம் நடந்ததைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீடுகளில் சொல்லுவோம். எங்கள் பாட்டி, ஒரு பருக்கை கீழே சிந்தினாலும் "தாது வருஷத்துல இது கிடைச்சுதா?" என்று கேட்டு அதைப் பொறுக்க வைப்பாள். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால் நடந்தது அது. ஆனாலும் அவள் வாயில் அந்த வருஷத்தின் பெயர் இருந்தது. தாதுவும் அதற்கடுத்த ஈஸ்வர வருஷமும் சேர்ந்து தென்னிந்தியாவில் மட்டும் பல லட்சம் பேரைக் கொண்டுபோயின. அரை உயிரோடு கிடந்தவர்களைத் துரைமார் வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. விலா எலும்பை எண்ணலாம். தப்பியவர்களில் எத்தனையோ பேர் தேயிலை, காப்பித் தோட்ட வேலைக்கு இலங்கைக்குக் கப்பலேறினார்கள்.

கோமகன் முதலில் செய்தது சரியான காரியம் என்பேன். வியாபாரிகளை மட்டும் நம்பியிராமல், வெளியே தெரியாமல் ஒரு கம்பெனி மூலம் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தது சென்னை அரசாங்கம். சரக்கு தெரிந்தவனுக்கு வரும் யோசனை அது. ஆனால் வைஸ்ராய் லிட்டனின் அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தையில் கைவைக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை இங்கே அனுப்பினார்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இவர் வேறு, கோமகன் வேறு. அந்த டெம்பிள் 1874-இல் வங்காளத்துப் பஞ்சத்தில் பர்மா அரிசி இறக்கிச் சனங்களைக் காப்பாற்றியவர். அதற்கு அவருக்குக் கிடைத்தது, பணத்தை வீணடித்தார் என்ற ஏச்சு. அந்தக் கறையைத் துடைக்க நினைத்தாரோ என்னவோ, சென்னையில் கூலியைக் குறைத்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும்.

ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவன் அதிலேயே உப்பு, புளி, விறகு எல்லாம் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலியில் வேலை செய்கிறவன் மெலிந்து சாவான் என்று எழுத்துமூலம் எதிர்த்தார். கூலியைக் குறைக்கச் சொன்னவர் டெம்பிள் என்றாலும், அதை நடத்திக்காட்டியது கோமகனின் அரசாங்கம்தான். மே மாதத்தில் அதே அரசாங்கம் கூலியை உயர்த்தியது. நடுவே போன அந்த மாதங்களை யார் கணக்கில் எழுதுவது?

ஆகஸ்டில் கோமகனே சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டி, லண்டன் மேயருக்குத் தந்தியடித்து உதவி கேட்டார். இங்கிலாந்து மக்கள் பல லட்சம் பவுன் அனுப்பினார்கள். வைஸ்ராய் அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. பிறகு லிட்டனே சென்னைக்கு வந்தார். பஞ்ச நிர்வாகம் முழுவதையும் கோமகன் நேரடியாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருந்த எட்டு கிலோமீட்டர் நிலத்தைத் தோண்டினார்கள். வடக்கே எண்ணூர்ப் பக்கம் கொக்ரேன் கால்வாய் 1806 முதலே இருந்தது. தெற்கேயும் ஒரு துண்டு இருந்தது. இரண்டையும் இணைக்கும் இந்த நடுத்துண்டு, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகப் போகும் அதே துண்டு. நான் தினமும் மேலே நின்று பார்ப்பதும் அதைத்தான். 1878-இல் கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் வந்தது.

வெட்டியபின் அது உழைத்தது. ஆந்திரத்திலிருந்து அரிசியும் விறகும் உப்பும் கிளிஞ்சலும் தோணியில் வந்தன. மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டின் பெயரில் இன்றும் அந்தத் துறை இருக்கிறது. பேசின் பிரிட்ஜில் இருக்கும் 'பேசின்' தோணிகள் நின்ற குளம். 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது, கரையோரத்தில் பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் தண்ணீரை வாங்கிக்கொண்டது.

கோமகன் 1880-இல் ஊர் திரும்பினார். பிரபுக்கள் சபையில் குழுக்களின் தலைவராக இருந்து, 1889 மார்ச் 26-இல் இறந்தார். உடல் லண்டனிலிருந்து தனி ரயிலில் குவைன்டன் ரோடுக்கு வந்தது, வாட்டனில் அடக்கமானது. மகள்கள் உண்டு, மகன் இல்லை. ஆகவே பக்கிங்காம் கோமகன் என்ற பட்டமே அவரோடு முடிந்துபோனது. ஸ்டோ மாளிகை 1923 முதல் பள்ளிக்கூடம். அந்தப் பட்டத்தை இன்றைக்கும் தினம் தினம் வாயால் சொல்கிறவர்கள் சென்னைக்காரர்களாகிய நாம்தான். பெரம்பூர் பின்னி மில்லின் பழைய பெயரிலும் அது இருந்தது.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். கால்வாயின் பெயரை மாற்றச் சொல்லி அவ்வப்போது குரல் எழும்புகிறது. மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. பெயரை எடுத்துவிட்டால் தாது வருஷத்தைப் பற்றிக் கேட்க அந்தப் பையனுக்கு ஒரு பிடியும் இல்லாமல் போகும். ஆனால் வெறும் பெயரை மட்டும் விட்டுவைப்பதும் தப்பு. அந்தப் பெயரில் இப்போது வெட்டச் சொன்னவர் மட்டும்தான் இருக்கிறார், வெட்டியவர்கள் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை நான் வேலையில் இருந்த காலத்தில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டு அனுப்பியதில்லை.

நீங்கள் கரை கட்டும்போது மூன்று இடங்களில் பலகை வையுங்கள். திருமயிலை நிலையத்தில் ஒன்று, தண்ணீர்த்துறை மார்க்கெட் பக்கம் ஒன்று, பேசின் பிரிட்ஜில் ஒன்று. கோமகன் யார் என்று எழுதுங்கள். அப்பாவின் கடனைச் சுமந்தவர், ரயில் நடத்தியவர், தானியம் வாங்கப் பார்த்தவர், கூலிக் குறைப்புக்கு உடன்பட்டவர், பிறகு அதை உயர்த்தியவர். எல்லாவற்றையும் எழுதுங்கள், நல்லதை மட்டுமோ கெட்டதை மட்டுமோ வேண்டாம். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், தாது வருஷப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடி வந்த ஆணும் பெண்ணும் இந்த மண்ணை வெட்டினார்கள் என்று எழுதுங்கள். 1877-இல் நிவாரண வேலைக்கு விதித்த கூலி எவ்வளவு என்பதையும் போடுங்கள். அவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் கூலி தெரியும் அல்லவா? டாக்டர் கார்னிஷுக்கும் ஒரு வரி கொடுங்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. வாசகம் எழுதித் தர வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், வரலாறு படித்தவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் பெரிய எழுத்தில் முதலில் வரட்டும். திருமயிலை நிலையத்துப் பலகையை மட்டும் கொஞ்சம் தாழ்வாக வையுங்கள். அந்தப் பையனுக்குப் பத்து வயதுதான் இருக்கும்.

இப்படிக்கு,
கால்வாய்க்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கும் மயிலாப்பூர்வாசி